பனியில் சிக்கியவர்களின் கதைகளில் துணை என்பது யார்?

நொய்யல்கரை:
இந்த மார்கழியில் வரிசையாகப் பனிக்கதைகளாகப் படித்தேன். துருவப் பயணக் குறிப்புகள், ஜாக் லண்டன், டால்ஸ்டாய், ஆண்டிஸ் விமான விபத்து என்று கலந்துகட்டி. கோயமுத்தூர்க் குளிருக்கே காதைச் சுற்றி மஃப்ளர் கட்டுகிற ஆள் இதையெல்லாம் படிக்கிறான் என்று வீட்டில் கிண்டல். அது கிடக்கட்டும்.

இந்தக் கதைகளைப் பற்றி எழுதுகிற எல்லோரும் ஒன்றையே சொல்கிறார்கள்: ஆபத்து வந்தால் மனிதர்கள் ஒட்டிக்கொள்வார்கள், பனி அவர்களை அண்ணன் தம்பி ஆக்கிவிடும். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஒட்டுகிறவர்கள் ஒட்டுகிறார்கள், பிரிகிறவர்கள் இன்னும் வேகமாகப் பிரிகிறார்கள். எது ஒட்டவைக்கிறது என்று தேடிப் பார்த்தால் பெரிய தியாகத்தைவிடத் தினப்படி நடப்பில்தான் அது அதிகம் தட்டுப்படுகிறது.

பிரிட்டிஷ் கடற்படை கேப்டன் ஸ்காட்டின் தென்துருவப் பயணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1912 மார்ச்சில், திரும்பி வரும் வழியில், கடுங்குளிரில் சதை உறைந்து கால் கெட்டுப்போன ஓட்ஸ், தன்னால் மற்ற மூவரும் தாமதப்படுகிறார்கள் என்று கூடாரத்தை விட்டுப் புயலுக்குள் நடந்து போனார். "கொஞ்சம் வெளியே போகிறேன், நேரமாகலாம்" என்று சொன்னதாக ஸ்காட்டின் நாட்குறிப்பில் இருக்கிறது. உலகத்துக்கே தெரிந்த காட்சி. ஆனால் அதே பயணத்தில், அதற்கு முந்தைய குளிர்காலத்தில், வில்சன், பவர்ஸ், செரி-கரார்ட் மூன்று பேரும் எம்பெரர் பெங்குவின் முட்டை எடுக்கப் போய்வந்தார்கள். சூரியனே எழாத மாதம். மைனஸ் 60 டிகிரியைத் தொட்ட குளிர். தூக்கப்பை உடம்பின் ஈரத்தில் நனைந்து பலகையாக உறைந்துபோக, அதற்குள் நுழைவதே இரவுக்கு இரவு ஒரு போராட்டம். நடுவில் கூடாரமே காற்றில் பறந்து, அப்புறம் தேடிக் கண்டெடுத்தார்கள். ஐந்து வாரம் கழித்துக் கொண்டுவந்து சேர்த்தது மூன்றே முட்டை.

அந்தப் பயணத்தைப் பற்றிப் பின்னாளில் எழுதும்போது செரி-கரார்ட் எதைப் பெருமையாகச் சொல்கிறார் தெரியுமா? கடைசிவரை "தயவுசெய்து", "நன்றி" சொல்வதை நாங்கள் மறக்கவில்லை, யாரும் நிதானம் இழக்கவில்லை என்பதை.

எனக்கு ஓட்ஸைவிட இது பெரிதாகப் படுகிறது. ஓட்ஸ் செய்தது ஒரு தடவை. இவர்கள் செய்தது ஒவ்வொரு வேளையும். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? எந்தக் கதையில் துணை என்பது உங்களுக்கு உண்மையாகப் பட்டது?

பவானிக்காரன்:
ஏனுங்க, உயிரை விட்ட மனுசனைவிட நன்றி சொன்ன மனுசன் பெரியவரா? ஓட்ஸுக்கு அப்போது 32 வயதுதான். குதிரைகளைப் பார்த்துக்கொள்ள வந்த பட்டாள அதிகாரி. தன்னால் மற்றவர்கள் சாகக் கூடாது என்று போகிறார். அது பலிக்கவில்லை, மீதி மூவரும் அடுத்த உணவுக் கிடங்குக்கு 11 மைல் இருக்கும்போது இறந்துபோனார்கள். பலிக்காத காரணத்தால் அது சின்னதாகிவிடுமா?

அப்புறம் இந்த மரியாதை விசயம். வில்சன் டாக்டர், பவர்ஸ் கடற்படை அதிகாரி, செரி-கரார்ட் பெரிய பணக்கார வீட்டுப் பையன். "தயவுசெய்து" என்பது அவர்கள் வாயில் தானாக வரும். அதைப் போய் பந்தத்தின் உச்சம் என்றால் எப்படி?

பின்னலாடை:
நான் திருப்பூர். முப்பது வருசமாகத் துணிதான் என் உலகம். அதனால் இந்தக் கதைகளில் முதலில் உடையையும் தூக்கப்பையையும்தான் தேடுவேன். அதில்தான் யார் யாருக்கு எவ்வளவு வேண்டியவர் என்பது பச்சையாகத் தெரியும்.

ஷாக்கிள்டனின் எண்டியூரன்ஸ் கப்பல் 1915-இல் அண்டார்டிகாவின் வெடல் கடல் பனியில் மாட்டி நசுங்கிய கதை எல்லோருக்கும் தெரியும். கப்பலை விட்டு 28 பேரும் பனிமேல் இறங்குகிறார்கள். கலைமான் தோல் தூக்கப்பை 18 தான் இருக்கிறது. மற்றவர்களுக்குக் கம்பளிப் பை, அது அவ்வளவு சூடு தாங்காது. சீட்டுக் குலுக்கினார்கள். ஷாக்கிள்டன், வைல்ட், வோர்ஸ்லி என்று பெரிய ஆட்களுக்கெல்லாம் கம்பளிப் பை விழுந்தது, சாதாரண மாலுமிகளுக்கெல்லாம் தோல் பை. குலுக்கலில் ஏதோ தில்லுமுல்லு நடந்திருக்கிறது என்று அவர்களில் ஒரு மாலுமியே பின்னால் எழுதிவைத்தார். எனக்கு ரொம்பப் பிடித்த தில்லுமுல்லு அதுதான். ஷாக்கிள்டன் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. திறந்திருந்தால் அது தர்மம் போட்ட மாதிரி ஆகியிருக்கும், வாங்கிக்கொண்டவன் கூசியிருப்பான்.

ஆண்டிஸ் கதையில் இதைவிட நேரடியாக இருக்கிறது. 1972 அக்டோபர் 13. உருகுவேயிலிருந்து ரக்பி விளையாட்டுக்காரர்களையும் அவர்கள் சொந்தபந்தத்தையும் ஏற்றிக்கொண்டு போன விமானம் மலையில் மோதி, 45 பேரில் கடைசியாகப் பிழைத்தது 16 பேர். மேற்கே நடந்துபோய் உதவி கேட்க மூன்று பேரை அனுப்ப முடிவாகிறது. இரவில் வெட்டவெளியில் படுத்தால் உறைந்து சாவார்கள். விமானத்தின் பின்பகுதியில் கிடைத்த வெப்பத்தடுப்புத் துணியை வெட்டி, ஒருவர் மாற்றி ஒருவர் தைத்து, மூன்று பேர் சேர்ந்து படுக்கிற ஒரே பை செய்தார்கள். தைத்தவர்களில் பெரும்பாலோர் அதில் படுக்கப்போவதில்லை. யோசித்துப் பாருங்கள், வலுவே இல்லாத விரல்களோடு உட்கார்ந்து, நடக்கப்போகிறவனுக்காகத் தையல் போடுகிறார்கள். அதுதான் எனக்குப் பந்தம்.

பருத்தி பனியன் போட்டுக்கொண்டு பனிமலைக்குப் போகாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். நம்ம பிழைப்பே பருத்திதான், இருந்தாலும் உண்மை உண்மைதான்.

கரட்டுமேடு:
எல்லோரும் கேப்டன்களைப் பற்றியே பேசுகிறீர்கள். டால்ஸ்டாயை ஒருவரும் தொடவில்லை. 1895-இல் வந்த எஜமானனும் வேலையாளும் கதையைச் சொல்கிறேன்.

வசீலி பிரெகுனோவ் கிராமத்து வியாபாரி. ஒரு தோப்பை அடிமாட்டு விலைக்கு வாங்க அவசரமாகக் கிளம்புகிறார். கூட வேலையாள் நிகிதா. பனிப்புயலில் வழி தவறிவிடுகிறது. நடுராத்திரி பிரெகுனோவ் நிகிதாவை விட்டுவிட்டுக் குதிரையில் ஏறித் தப்பிக்கப் பார்க்கிறார். குதிரை சுற்றிச் சுற்றி அதே பனிவண்டிக்குத் திரும்பி வருகிறது. அப்புறம்தான் அவர் தன் தோல் கோட்டைத் திறந்து, உறைந்துகொண்டிருக்கும் நிகிதாவின் மேல் படுத்துச் சூடு கொடுக்கிறார். காலையில் எஜமானன் செத்துக் கிடக்கிறார், நிகிதா பிழைத்துக்கொள்கிறான். கால் விரல் மூன்று போகிறது, இன்னும் இருபது வருசம் வாழ்கிறான்.

படித்த எல்லோரும் அந்தப் படுத்துக்கொள்ளும் இடத்தில் கண் கலங்குகிறார்கள். எனக்குக் கதையின் ஆரம்பம்தான் தொண்டையில் நின்றது. நிகிதாவுக்குக் கொடுக்கவேண்டிய கூலி வருசத்துக்கு 80 ரூபிள், பிரெகுனோவ் கொடுப்பது 40 போல. அதையும் காசாகத் தராமல் தன் கடைச் சரக்காக, கூடுதல் விலை வைத்துத் தருவார். எங்க அப்பாரு ஒரு தோட்டத்தில் ஆளாக இருந்தவர். பண்ணாடி வீட்டில் நல்லது கெட்டதுக்கு ஒரு மூட்டை சோளம் வாங்கினால் அது கூலியில் எப்படிக் கழியும் என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கழிந்துகொண்டேதான் இருக்கும்.

சரி, ஒரு ராத்திரி மேலே படுத்ததால் அந்தக் கணக்கு நேராகிவிட்டதா? நிகிதா கந்தல் கோட்டோடு வந்தான், பிரெகுனோவ் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு தோல் கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். கிளம்பும்போதே ஒன்றைக் கழற்றிக் கொடுத்திருந்தால் படுக்கவேண்டிய அவசியமே வந்திருக்காது. பின்னலாடை அண்ணன் சொன்ன மாதிரி, உடையில்தான் தெரிகிறது.

நொய்யல்கரை:
கரட்டுமேடு, அந்தக் கூலிக் கணக்கை நமக்குச் சொன்னதே டால்ஸ்டாய்தானே? வேண்டுமென்றேதான் முதலில் வைத்திருக்கிறார். வாசகன் அதை மறந்துவிட்டு அழுதால் அது வாசகனின் கோளாறு. ஆனால் உங்கள் கோபம் நியாயம். சாகும்போது பிரெகுனோவ் அடைகிற ஆனந்தத்துக்கு டால்ஸ்டாய் பக்கம் பக்கமாக இடம் தருகிறார். நிகிதாவுக்கு அந்த ராத்திரி என்னவாக இருந்தது என்பதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறார்.

பவானிக்காரரே, படித்த ஆட்களுக்கு மரியாதை தானாக வரும் என்கிறீர்கள். ஜாக் லண்டன் 1899-இல் எழுதிய ஒரு கதையில் அதற்குப் பதில் இருக்கிறது. வட கனடாவில் யூகான் பக்கம் ஒரு மரக்குடிசை, இரண்டு ஆட்கள். வெதர்பீ, கத்ஃபர்ட். ஒருவர் குமாஸ்தா, இன்னொருவர் படித்த கனவான். கூட வந்தவர்கள் மேலே நடக்க, இவர்கள் சோம்பலில் பின்தங்கிக் குளிர்காலம் முழுக்க அங்கேயே தங்குகிறார்கள். சாப்பாடு இருக்கிறது, விறகு இருக்கிறது, கூரை இருக்கிறது. ஆண்டிஸ்காரர்களோடு ஒப்பிட்டால் சொர்க்கம். கடைசியில் சர்க்கரைக்காக ஒருவரை ஒருவர் கொன்றுபோடுகிறார்கள். சர்க்கரையை ஆளுக்குப் பாதியாகப் பிரித்து வைத்து, அவன் என்னுடையதைத் தொடுகிறானா என்று காவல் காக்க ஆரம்பித்த அன்றைக்கே விசயம் முடிந்துவிட்டது.

1902-03-இல் ஸ்காட், ஷாக்கிள்டன், வில்சன் மூவரும் தெற்கே போனபோது பங்கு பிரித்த விதம் வேறு. ஒருவர் மூன்று பங்காகப் பிரிப்பார். இன்னொருவர் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பார். "இது யாருக்கு?" என்று கேட்டால் பார்க்காமலே பெயர் சொல்வார். சண்டைக்கே இடமில்லை. இத்தனைக்கும் ஸ்காட்டும் ஷாக்கிள்டனும் அப்படியொன்றும் ஒத்துப்போனவர்கள் இல்லை.

மலையேறி:
நல்லவிதமாக முடிந்த பயணங்களில்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். தென்துருவத்தை முதலில் தொட்ட அமுண்ட்சென் கதையை எல்லோரும் கச்சிதமான திட்டம், கச்சிதமான வெற்றி என்றுதான் சொல்வார்கள். நடுவில் ஒரு செப்டம்பர் இருக்கிறது.

1911 செப்டம்பர் 8. ஸ்காட் முந்திவிடுவாரோ என்ற பயத்தில் அமுண்ட்சென் சீக்கிரமே ஏழு பேரோடு கிளம்பிவிட்டார். குளிர் மைனஸ் 56. நாய்களால் தாங்க முடியாமல் திரும்பவேண்டியதாகிவிட்டது. கடைசி நாளில் அமுண்ட்சென் இன்னொருவரின் நாய்வண்டியில் ஏறி முன்னால் பறந்துவிட்டார். பின்னால் பிரெஸ்ட்ரூட் என்பவர் கால் உறைந்து, நாய்கள் ஓய்ந்து, சாப்பாடோ அடுப்போ இல்லாமல் தத்தளித்தார். அவரோடு நின்று, நள்ளிரவு தாண்டி முகாமுக்குக் கூட்டிவந்து சேர்த்தவர் யோஹான்சென். மறுநாள் காலை எல்லோர் முன்னாலும் யோஹான்சென் கேட்டுவிட்டார்: இதெல்லாம் ஒரு தலைவன் செய்கிற வேலையா என்று. பதிலுக்கு அமுண்ட்சென் அவரைத் துருவத்துக்குப் போகும் குழுவிலிருந்தே நீக்கினார். 1913 ஜனவரியில் யோஹான்சென் தற்கொலை செய்துகொண்டார்.

இந்த யோஹான்சென் யார் என்பதையும் சொல்லவேண்டும். 1895-96-இல் நார்வேப் பயணி நான்செனோடு வடதுருவப் பக்கம் கல்லும் பாசியும் தோலும் வைத்துக் கட்டிய குழியில், ஒரே தூக்கப்பையில், ஒரு குளிர்காலத்தைக் கழித்தவர். அதற்கு முன்னால் ஒருநாள் துருவக்கரடி அவரைக் கீழே தள்ளி மேலே ஏறி நின்றது. துப்பாக்கியைத் தேடிக்கொண்டிருந்த நான்செனிடம், சீக்கிரம் வந்தால்தான் சரிப்படும் என்று அமைதியாகச் சொன்னாராம். நொய்யல்கரைக்கு இந்த ஆள் பிடிப்பார்.

வெள்ளியங்கிரி ஏறுகிறவர்களுக்கு அமுண்ட்சென் நிறையத் தெரிந்த முகம். கீழே பூண்டியில் மூங்கில் தடி வாங்கும்போது எட்டுப் பேரும் ஒன்றாக நிற்பார்கள். ஆண்டி சுனையில் குளித்த ஈரத்தோடு ஏழாவது மலைக் காற்றில் ஒருவன் நடுங்கி உட்கார்ந்துவிட்டால், "நீ மெதுவா வா" என்று சொல்லிவிட்டு ஏழு பேர் மேலே போய்விடுவார்கள். பக்கத்தில் வந்த முன்பின் தெரியாத ஒரு அண்ணன்தான் அவன் தோளில் தன் சால்வையைப் போட்டிருப்பார். பலமுறை பார்த்துவிட்டேன். கூட வந்தவன் வேறு, துணை வேறு.

பொதினி:
நான் பழனிப் பக்கம் தமிழ் ஆசிரியை. சால்வை என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

குளிரில் துணை என்ற பேச்சு நம் பக்கம் பேகனிடமிருந்து தொடங்குகிறது. பொதினி மலைக்கு, அதாவது இன்றைய பழனிக்கு உரியவன், ஆவியர் குடி. மயில் குளிரில் நடுங்குகிறது என்று நினைத்துத் தன் போர்வையை அதற்குக் கொடுத்தவன். "மடத்தகை மாமயில் பனிக்கும்" என்று புறநானூறு 145-இல் பரணர் அதைத்தான் சொல்கிறார். பள்ளிக்கூடத்தில் நாங்கள் கற்றுக்கொடுப்பது இதோடு நின்றுவிடும். அந்தப் பாட்டு எதற்காகப் பாடப்பட்டது? பேகன் தன் மனைவி கண்ணகியைக் கைவிட்டு வேறொருத்தியோடு இருக்கிறான். பரணர் பரிசில் கேட்டு வரவில்லை. இன்றிரவே தேரேறிப் போய் அவள் துயரைத் தீர், அதுதான் நான் கேட்கும் பரிசில் என்கிறார். கபிலர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் எல்லோரும் இதே வேண்டுகோளோடு பாடியிருக்கிறார்கள். மயில் நடுங்கினால் போர்வை கிடைக்கும், மனைவி கலங்கினால் நான்கு புலவர்கள் வந்து சொல்லவேண்டும்.

அதனால் எனக்கு இந்தக் கதைகளில் கேள்வி பெரிய தியாகமா சின்ன மரியாதையா என்பதில் இல்லை. யாரை அவர்கள் துணை என்று எண்ணினார்கள், யார் கண்ணிலேயே படவில்லை என்பதுதான்.

இன்னொன்று. நெடுநல்வாடையின் தொடக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். மழையும் வாடையும். மேட்டு நிலத்துக்கு மாட்டை ஓட்டிவந்த கோவலர் பலராகச் சேர்ந்து தீயில் கை காய்ச்சிக் கன்னம் நடுங்க நிற்கிறார்கள். அடுத்த சில வரியிலேயே விலங்குகள் மேய மறக்கின்றன, மந்தி குளிரில் ஒடுங்குகிறது, பறவைகள் கீழே விழுகின்றன, கறவை மாடு பால் குடிக்க வரும் கன்றை உதைத்துத் தள்ளுகிறது. மாடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், சாதாரணமாக அது நடக்கிற காரியம் இல்லை. ஒரே குளிர் ஒரு பக்கம் சேர்க்கிறது, ஒரு பக்கம் தாயையும் கன்றையும் பிரிக்கிறது. நக்கீரர் இதற்குக் காரணம் எதுவும் சொல்லவில்லை.

பவானிக்காரன்:
டீச்சர் சொன்னதைப் படித்துவிட்டு நேராக டோனர் குழுவுக்கு வருகிறேன். 1846-47, அமெரிக்காவின் சியரா நெவாடா மலை. கலிபோர்னியாவுக்கு மாட்டுவண்டியில் போன குடும்பங்கள் பனியில் மாட்டிக்கொண்டு, கடைசியில் இறந்தவர்களைச் சாப்பிடும் நிலைக்கு வந்தார்கள். ஏறத்தாழப் பாதிப் பேர் இறந்தார்கள். டொனால்ட் கிரேசன் என்ற மானிடவியலாளர் யார் இறந்தார்கள், யார் பிழைத்தார்கள் என்று கணக்கெடுத்துப் பார்த்தார். தனியாக வந்த, நல்ல வயதிலிருந்த ஆண்கள்தான் சீக்கிரம் செத்திருக்கிறார்கள். குடும்பத்தோடு வந்தவர்கள் அதிகம் பிழைத்திருக்கிறார்கள். பெண்கள் ஆண்களைவிட அதிகம்.

இதற்கு என்ன சொல்கிறீர்கள்? பங்காளி, மாமன் மச்சான் என்று நாம் கட்டிக்கொண்டு அழுவது சும்மா இல்லை. பனியில் கஞ்சி ஊற்றப்போவது சொந்தம்தான். ஜார்ஜ் டோனரின் மனைவி டாம்சென், மீட்புக்காரர்கள் கூப்பிட்டும், சாகக் கிடந்த கணவனை விட்டு வரமாட்டேன் என்று தங்கி அங்கேயே இறந்தார். இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கரட்டுமேடு:
அதே டோனர் கதையில் லூயிஸ், சல்வடோர் என்று இரண்டு பேர் இருக்கிறார்கள், சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். மிவோக் பழங்குடி இளைஞர்கள். இந்தக் குடும்பங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கத்தான் கலிபோர்னியாவிலிருந்து மலை ஏறி வந்தார்கள். வந்த இடத்தில் பனி வழியை அடைத்துவிட்டது. டிசம்பரில் உதவி தேடிக் கிளம்பிய சிறு குழுவில் இவர்களும் நடந்தார்கள். செத்தவர்களின் சதையைச் சாப்பிட மறுத்தவர்கள் இவர்கள். கடைசியில் பலம் இழந்து கிடந்த இருவரையும் சுட்டுச் சாப்பிட்டார்கள். அந்தக் குழுவில் சாப்பிடுவதற்காகவே கொல்லப்பட்டவர்கள் இந்த இரண்டு பேர்தான்.

சொந்தம் காப்பாற்றும் என்கிறீர்கள். காப்பாற்றியது. யாரை வைத்துக் காப்பாற்றியது?

பழைய பட்டாளம்:
தம்பிகளா, கொஞ்ச காலம் பனியில் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். சியாச்சினில் நடக்கும்போது எல்லோரும் ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டுதான் நடப்போம். மேலே பனி மூடிய வெடிப்பு எங்கே இருக்கும் என்று தெரியாது. ஒருவன் விழுந்தால் மற்றவர்கள் உடனே படுத்துப் பிடிக்கவேண்டும். முந்தின நாள் சண்டை போட்டு முகம் கொடுத்துப் பேசாத ஆளோடும் அதே கயிறுதான். பிடித்தவன், பிடிக்காதவன் என்று பார்த்துக் கட்டுவதில்லை. ராத்திரி ஒருத்தன் விரலை இன்னொருத்தன் பார்ப்பான், நிறம் மாறியிருக்கிறதா என்று. அது டிரில். பாசம் அப்புறம் தானாக வரும், வராவிட்டாலும் வேலை நடக்கும்.

2016 பிப்ரவரியில் சோனம் முகாமில் பனிச்சரிவு வந்து மெட்ராஸ் ரெஜிமென்ட் 19-ஆவது பட்டாலியனின் பத்துப் பேர் புதைந்தார்கள். தமிழ்நாட்டுப் பையன்களும் அதில் உண்டு. உயரம் 19,000 அடிக்கு மேல். உயிரோடு யாரும் இருக்க வாய்ப்பில்லை என்று சொல்லியாகிவிட்டது. அப்படியும் தோண்டினார்கள். ஆறு நாள் கழித்து ஹனுமந்தப்பா உயிரோடு கிடைத்தார், அப்புறம் டெல்லியில் இறந்தார். தோண்டியவர்கள் யார், அவர்கள் பெயர் என்ன என்று யாராவது கேட்டிருக்கிறீர்களா?

மலையேறி:
ஐயா, கயிறு என்றதும் கேட்கவேண்டும் போலிருக்கிறது. 1985, பெரு நாட்டின் சியுலா கிராண்டே. ஜோ சிம்ப்சன் கால் உடைந்து கிடக்க, சைமன் யேட்ஸ் அவரைக் கயிற்றில் கட்டிச் சரிவில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குகிறார். இருட்டு, புயல். சிம்ப்சன் ஒரு விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் தொங்குகிறார். மேலே பனியில் உட்கார்ந்திருக்கும் யேட்ஸ் மெல்ல மெல்லச் சறுக்குகிறார். கயிற்றை அறுத்தார். சிம்ப்சன் வெடிப்புக்குள் விழுந்தும் பிழைத்து, மூன்று நாள் தவழ்ந்து முகாமுக்கு வந்துவிட்டார். யேட்ஸை மலையேறிகள் சிலர் திட்டியபோது அவருக்காகப் பேசியவர் சிம்ப்சன்தான். புத்தகம் எழுதியதற்கே அது ஒரு காரணம். நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?

பழைய பட்டாளம்:
அறுத்திருப்பேன். அதுவரைக்கும் அவன் இறக்கிவிட்ட தூரத்தைக் கணக்கில் எடுங்கள். கால் உடைந்தவனை அந்த உயரத்தில் விட்டுவிட்டு வந்திருந்தால்கூட யாரும் கேட்டிருக்க முடியாது. கத்தியை மட்டும் பேசுகிறார்கள்.

ஓவர்லாக்:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நானும் திருப்பூர்தான், தையல் செக்சன். பின்னலாடை அண்ணன் தூக்கப்பை தைத்த கதை சொன்னாரே, தைக்கப் போன ஒரு பெண்ணின் கதை உங்கள் யாருக்கும் ஞாபகம் வரவில்லையா?

ஏடா பிளாக்ஜாக். அலாஸ்காவின் இனுபியாக் பழங்குடிப் பெண். 1921-இல் சைபீரியாவுக்கு வடக்கே ரேங்கல் தீவுக்கு நான்கு வெள்ளைக்கார இளைஞர்கள் கிளம்பினார்கள். அவர்களுக்குத் தோல் உடை தைத்துக் கொடுக்கும் வேலை ஏடாவுக்கு. மாதம் 50 டாலர். மகனுக்குக் காசநோய், வைத்தியம் பார்க்கப் பணம் வேண்டும். அதற்காகத்தான் போனார். வரவேண்டிய கப்பல் வரவில்லை. சாப்பாடு தீர்ந்தது. 1923 ஜனவரியில் மூன்று பேர் உதவி தேடிப் பனிக்கடல்மேல் நடந்து போனார்கள், அப்புறம் அவர்களை யாரும் பார்க்கவேயில்லை. மிச்சம் இருந்தவர் லோர்ன் நைட். ஸ்கர்வி நோயில் படுத்த படுக்கை. ஏடா அவருக்காக விறகு வெட்டினார், பொறி வைத்து நரி பிடித்தார், துப்பாக்கி சுடப் பழகினார், கழிவு எடுத்துக் கொட்டினார். அந்த ஆள் படுத்துக்கொண்டே திட்டுவார், சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று. நான்கு ஆம்பளை வேலையை ஒரு பெண் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று இவர் நினைத்தே பார்ப்பதில்லை என்று ஏடா தன் நாட்குறிப்பில் எழுதினார். ஜூனில் நைட் இறந்தார். ஆகஸ்டில் கப்பல் வரும்வரை அந்தத் தீவில் ஏடாவும் ஒரு பூனையும்தான்.

இதில் துணை யாருக்கு யார்? சம்பளத்துக்கு வந்த பெண், கூட இருந்தவன் சாகும்வரை பார்த்துக்கொண்டாள். ஓட்ஸ் ஒருநாள் வெளியே நடந்தார், கதையாகிவிட்டது. இவள் மாதக்கணக்கில் தினமும் பானையை வெளியே கொண்டுபோய்க் கொட்டினாள். நொய்யல்கரை அண்ணா, நீங்கள் சொன்ன தினப்படி நடப்பு இதுதானுங்களே? உங்கள் பட்டியலில் ஏன் மூன்று கனவான்கள் மட்டும்?

நொய்யல்கரை:
நியாயமான கேள்விங்க அம்மிணி. ஏடாவின் கதை எனக்கு இப்போதுதான் தெரிகிறது. என் வாதத்துக்கு இது பலம்தான், ஆனால் ஒரு இடத்தில் இடிக்கிறது. நான் சொன்னது இரண்டு பக்கமும் நடக்கிற விசயம். செரி-கரார்ட் நன்றி சொல்கிறார், பவர்ஸும் திருப்பிச் சொல்கிறார். ஏடாவுக்குத் திரும்பி வந்தது வசவுதான். ஒரு பக்கம் மட்டும் ஓடுகிறதைப் பந்தம் என்று சொல்லலாமா?

பொதினி:
கன்றுக்குப் பசு சுரப்பதும் ஒரு பக்கம்தான்.

கரட்டுமேடு:
ஒரு பக்கம் மட்டும் ஓடினால் அதற்கு எங்கள் பக்கம் வேலை என்று பெயர். ஏடா செய்தது வேலைதான், அதில் அவளுக்கு ஒரு குறைவும் இல்லை. அதைப் பாசம் என்று நாம் பூசிவிட்டால் அவளுக்குச் சேரவேண்டிய கூலி மறந்துபோகும். ஷாக்கிள்டன் கப்பலின் தச்சன் மக்நிஷையே பாருங்கள். கப்பல் நசுங்கிய பிறகு மிஞ்சிய ஒரு சின்னப் படகின் பக்கங்களை உயர்த்தி, மேலே மூடி கட்டியவர் அவர். அதில்தான் ஷாக்கிள்டனும் அவரும் இன்னும் நான்கு பேரும் உதவி தேடித் தெற்கு ஜார்ஜியா தீவுக்குப் போனார்கள், அதனால்தான் மற்ற 22 பேரும் பிழைத்தார்கள். ஆனால் பனிமேல் ஒருநாள் எதிர்த்துப் பேசிவிட்டார் என்று துருவப் பயணிகளுக்குத் தரும் போலார் பதக்கம் அவருக்குக் கிடைக்காமல் ஷாக்கிள்டன் பார்த்துக்கொண்டார். தூக்கப்பைக் குலுக்கலில் தில்லுமுல்லு செய்து மாலுமிக்குச் சூடு கொடுத்த அதே கைதான் இதையும் செய்தது.

பின்னலாடை:
மக்நிஷின் பூனையையும் சுடச் சொன்னார், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பனியில் அதற்குச் சாப்பாடு போடமுடியாது என்ற கணக்கு சரிதான். மக்நிஷ் கடைசிவரை அதை மன்னிக்கவில்லை. எனக்கு ஷாக்கிள்டனை இன்னும் பிடிக்கும், ஆனால் பதக்க விசயத்தில் கரட்டுமேட்டின் பக்கம்தான் நான்.

நாய், பூனை என்று பேச்சு வந்ததால் ஜாக் லண்டனின் தீ மூட்டும் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1908-இல் வந்தது. கடுங்குளிரில் ஒரு ஆள், ஒரு நாய். இரண்டு பேருக்கும் கதையில் பெயரே கிடையாது. தீ அணைந்ததும் நாயைக் கொன்று அதன் வயிற்றுக்குள் கைவைத்துச் சூடேற்றலாம் என்று பார்க்கிறான், விரல் மடங்காததால் முடியவில்லை. அவன் செத்ததும் நாய் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, சாப்பாடும் தீயும் தருகிற வேறு ஆட்களைத் தேடி முகாமுக்குப் போய்விடுகிறது. கரட்டுமேடு சொல்கிற வேலைக் கணக்கு அதில் சுத்தமாக இருக்கிறது. படித்தால் உங்களுக்குப் பிடிக்கும்.

பவானிக்காரன்:
எல்லாம் சரி. ஓட்ஸை ஒருவரும் இன்னும் தோற்கடிக்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

கூலி, பதக்கம் என்று பேசுகிற கரட்டுமேட்டுக்காக அதே பயணத்திலிருந்து இன்னொரு ஜோடி தருகிறேன். டாம் கிரீன், லாஷ்லி. இரண்டு பேரும் சாதாரணக் கடற்படை ஆட்கள். 1912 பிப்ரவரியில், ஸ்கர்வியில் விழுந்த லெப்டினன்ட் எவன்ஸை வண்டியில் வைத்து இழுத்து வருகிறார்கள். என்னை விட்டுவிட்டுப் போங்கள் என்று அவர் உத்தரவு போட்டும் கேட்கவில்லை. கடைசியில் லாஷ்லி கூடாரத்தில் அவரைப் பார்த்துக்கொள்ள, கிரீன் தனியாக 35 மைல் நடந்தார். கையில் மூன்று பிஸ்கட்டும் இரண்டு துண்டு சாக்லேட்டும். 18 மணி நேரம். எவன்ஸ் பிழைத்தார்.

உத்தரவை மீறிய வேலையாட்கள். இதற்குக் கூலிக் கணக்கு போட்டுக் காட்டுங்கள் பார்க்கலாம்.

கரட்டுமேடு:
போடமாட்டேன். இந்த இரண்டு பேரை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் ஓட்ஸின் வசனம் எல்லோருக்கும் தெரிகிறது. லாஷ்லி அந்தக் கூடாரத்தில் உட்கார்ந்து எவன்ஸிடம் என்ன பேசினார் என்று யாராவது சொல்லுங்கள், படிக்கிறேன்.